ஒரே மணலுக்கு மூன்று கன அளவுகள் வருகின்றன: எது சரி?

வகுப்பறை:
வணக்கம். நாளை காலை கன அளவு பற்றிப் பாடம் எடுக்க வேண்டும். செய்து காட்ட வேண்டிய சோதனையே குழப்புகிறது. ஒரு லிட்டர் ஜாடியை மணலால் விளிம்புவரை நிரப்பி, அதன்மேல் நீர் ஊற்றினேன், 330 மி.லி. மட்டுமே உள்ளே சென்றது. அப்படியானால் மணல் துகள்கள் மட்டும் 670 மி.லி. இருக்க வேண்டும். ஆனால் அதே மணலை அளவு ஜாடியிலிருந்த நீருக்குள் போட்டபோது நீர்மட்டம் 605 மி.லி. அளவுக்கே உயர்ந்தது. போதாக்குறைக்கு, முன்பு அந்த ஒரு லிட்டர் ஜாடிக்குள் அடங்கிய மணல் இன்று அதற்குள் கொள்ளாமல் வழிகிறது. எது சரியான கன அளவு? விரைவாகச் சொல்லுங்கள்.

நீர்த்துளி:
சில விவரங்கள் தெரியாமல் பதில் சொல்ல இயலாது. மணல் உலர்ந்ததா, ஈரமானதா? ஜாடியைத் தட்டிக் குலுக்கி நிரப்பினீர்களா, அப்படியே கொட்டினீர்களா? நீரை ஒரே மூச்சில் ஊற்றினீர்களா?

வெப்பமானி:
வெப்பநிலையைப் பாருங்கள். அளவு ஜாடிகள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியசில் அளவீடு செய்யப்படுகின்றன. அறை சூடாக இருந்தால் நீர் விரிந்து அளவு மாறும்.

நீர்த்துளி:
நீர் 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குச் செல்லும்போது ஏறத்தாழ 0.25 விழுக்காடுதான் விரிகிறது. 330 மி.லி. நீரில் அது ஒரு மி.லி.கூட இல்லை, நாம் தேடுவதோ 65 மி.லி. வேறுபாட்டின் காரணத்தை.

மூலக்கூறு:
50 மி.லி. நீரையும் 50 மி.லி. எத்தனாலையும் கலந்தால் 100 வராது, ஏறத்தாழ 97 மி.லி. தான் வரும். இங்கும் அதுவே நடக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

அளவுகோல்:
மணல் நீரில் கரைவதில்லை. ஆகவே மூலக்கூறுகளை இங்கே இழுக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்பவர், அதுவும் பாடம் எடுப்பவர், கொள்ளளவு என்றால் என்ன, கன அளவு என்றால் என்ன என்பதை முதலில் படித்துவிட்டு வந்திருக்கலாம். ஜாடி நிறைய மணல் என்பது துகள்களும் இடையிலுள்ள காற்றும் சேர்ந்தது. ஒரே அளவுள்ள கோளங்களை எப்படி அடுக்கினாலும் இடத்தில் 74 விழுக்காட்டுக்கு மேல் நிரப்ப முடியாது என்று வானியலாளர் கெப்ளர் 1611இல் கருதினார். கணிதவியலாளர் ஹேல்ஸ் 1998இல் அதற்கு நிறுவல் அறிவித்தார். ஒழுங்கின்றிக் கொட்டிக் குலுக்கினால் ஏறத்தாழ 64 விழுக்காடுதான் நிரம்பும். மணலின் கன அளவு என்றால் துகள்களின் கன அளவு மட்டுமே; மற்றதெல்லாம் காற்று.

கொள்கலன்:
கடைசி வாக்கியத்தை ஏற்க மாட்டேன். ஒரு பெட்டியை நிரப்ப எவ்வளவு மணல் தேவை என்று கேட்பவருக்கு இடைவெளியும் சேர்ந்த அளவே பயன்படும். இரண்டும் உண்மையான அளவுகளே. எதை அளக்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். திரவத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஏனெனில் அது தானாகவே மட்டமாகப் பரவி மூலைமுடுக்கெல்லாம் நிரப்புகிறது. உலர்ந்த மணலைக் கொட்டினால் 30 டிகிரிக்குச் சற்றுக் கூடுதலான சரிவில் குவியலாக நின்றுவிடும்.

அளவுகோல்:
மாணவர்களிடம் இரண்டு விடைகளைச் சொன்னால் குழப்பமே மிஞ்சும்.

கொள்கலன்:
ஒரே விடையைச் சொன்னால், கண்ணெதிரே இருக்கும் ஒரு லிட்டர் கோட்டை அவர்களுக்கு எப்படி விளக்குவீர்கள்?

நீர்த்துளி:
கேள்விக்குத் திரும்புவோம். மேலிருந்து வேகமாக ஊற்றும்போது நீர் மேற்பரப்பை மூடிவிடுகிறது. கீழேயுள்ள காற்று வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்கிறது, அந்த இடத்துக்குள் நீர் நுழைய முடியாது. உங்கள் 670 மி.லி. என்பது துகள்களும் சிக்கிய காற்றும் சேர்ந்த அளவாகத்தான் இருக்கும். நீருக்குள் மணலைச் சிறிது சிறிதாகத் தூவினால் குமிழிகள் மேலேறிவிடும் என்பதால் 605ஐயே நான் நம்புவேன். எடை போட்டும் சரிபார்க்கலாம்: படிகக்கல் மணலின் துகள் அடர்த்தி ஏறத்தாழ 2.65 கிராம்/கன செ.மீ. உலர்ந்த மணலின் எடையை அதனால் வகுத்துப் பாருங்கள்.

ஜாடி கொள்ளாமல் வழிந்ததற்கு ஈரமே காரணம் என்று நினைக்கிறேன். துகள்களைச் சுற்றிப் படியும் மெல்லிய நீர்ப்படலத்தின் பரப்பு இழுவிசை அவற்றை நெருங்கி அமர விடாது. எடையில் 5 விழுக்காடு ஈரம் இருந்தாலே நுண்மணல் கால் பங்குக்கும் மேல் உப்பக்கூடும். முழுவதும் நீரில் மூழ்கினால் படலம் மறைந்து, ஏறத்தாழ உலர்ந்த நிலையின் அளவுக்கே திரும்பிவிடும். இதை மாணவர்களுக்குக் கட்டாயம் செய்து காட்டுங்கள். நீர் சேர்க்கச் சேர்க்க மணல் முதலில் பெருத்துப் பிறகு அமிழ்வதை அவர்கள் எதிர்பார்க்கவே மாட்டார்கள்.

வகுப்பறை:
சோதனைக்குப் பயன்படுத்திய ஈரமணலையே மீண்டும் கொட்டியிருந்தேன். உலர்த்தியதும் ஒரு லிட்டருக்குள் அடங்கிவிட்டது. எடை 1600 கிராம், வகுத்தால் 604. அடியிலிருந்து குழாய் வழியாக மெதுவாக நீர் ஏற்றியதில் 390 மி.லி. சென்றது. மிக்க நன்றி, வகுப்புக்கு நேரமாகிறது.

நீர்த்துளி:
604உம் 390உம் சேர்ந்தால் 994. மீதி 6 மி.லி. காற்றாக இருக்கலாம், ஜாடியின் பக்கவாட்டில் விரலால் தட்டிப் பாருங்கள், கண்ணாடியை ஒட்டி நிற்கும் குமிழிகள் மேலே வரும்.