சாதாரணமாப் பேசினா அருவி, கேமரா ஓடினா ரெண்டே வரி: ஆவணப்பட நேர்காணலுக்கு உதவி தேவை

ஈயஎழுத்து:
வணக்கம் நண்பர்களே. கையால அச்சுக் கோத்த காலத்துக் கம்போசிட்டர்கள் பத்தி ஒரு ஆவணப்படம் எடுத்துக்கிட்டிருக்கேன். படத்தோட உயிரே ஒரு பெரியவர்தான். எழுபதைத் தாண்டியவர், ஆயுசுல பெரும்பகுதி எழுத்துக் கேஸ் (ஈய எழுத்துகளைப் பிரிச்சு வைக்கிற, கட்டம் கட்டமான மரப்பெட்டி) முன்னாடி நின்னவர். சும்மா உட்கார்ந்து பேசினா நாள் முழுக்கக் கேட்கலாம். காலால மிதிச்சு ஓட்டற ட்ரெடில் அச்சு மிஷின்ல விரல் நசுங்கினது, விடிய விடிய நோட்டீஸ் அடிச்சது, ஈய எழுத்தைத் தலைகீழா வாசிக்கக் கண்ணு பழகினதுன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கும்.

கேமராவை ஓட விட்டதும் ஆளே மாறிடுறார். முதுகை நிமிர்த்தி, மேடைத் தமிழ்ல "அச்சுத் தொழில் ஒரு புனிதமான தொழில்"னு ஆரம்பிச்சு ரெண்டு வரியில முடிச்சிடுறார். அடுத்த கேள்விக்கு "ஆமா". அதுக்கடுத்ததுக்கு "அதான் அன்னைக்கே சொன்னேனே".

ஒரே ஒரு மிரர்லெஸ் கேமரா, ஃபுல் ஃபிரேம், 50 எம்எம் லென்ஸ். வெளிச்சத்தை மென்மையாக்கற சாஃப்ட்பாக்ஸ் மாட்டின ஒரு எல்இடி லைட். காலர் மைக் நேரா கேமராவுக்குள்ள போகுது. நண்பர் கேமரா பார்க்கிறார், நான் பக்கத்துல உட்கார்ந்து கேட்கிறேன். அவர் பதட்டப்படக் கூடாதுன்னு கேள்விப் பட்டியலை முன்கூட்டியே கொடுத்திருந்தேன். "அந்த வேலை உங்களுக்குப் பிடிச்சிருந்ததா?", "கம்ப்யூட்டர் வந்தப்போ வருத்தமா இருந்ததா?" இந்த மாதிரிக் கேள்விகள். இன்னொரு தொல்லை: அரை மணி நேரம் ஆகப் போற நேரத்துல கேமரா தானா பதிவை நிறுத்திடுது.

எங்கே மாத்தணும்? மறுபடி உட்கார வைக்கலாமா? வயசானவர், அலைக்கழிக்க மனசு வரலை.

மூன்றாம்கால்:
கேமரா நிக்கிறதை முதல்ல முடிச்சிடலாம், அது பழுது இல்லை. முப்பது நிமிஷமோ அதுக்கு மேலயோ தொடர்ந்து பதிவு செய்யற கருவியை ஐரோப்பிய ஒன்றியத்தோட சுங்க விதி வீடியோ கேமரான்னு வகைப்படுத்திக் கூடுதல் வரி போட்டது. அதைத் தவிர்க்க, ஸ்டில் கேமரா கம்பெனிகள் 29 நிமிஷம் 59 விநாடியில நிக்கிற மாதிரி வரம்பு வச்சாங்க. புது மாடல்கள் பலதுல இது கிடையாது. உங்களுடையதுல இருந்தா, இருபது இருபத்தஞ்சு நிமிஷத்துல ஒரு பேச்சு முடியற இடம் பார்த்து நீங்களே நிறுத்தி மறுபடி ஓட விடுங்க. ஒலியைத் தனி ரெக்கார்டர்ல இடைவிடாம ஓட விடுங்க. ஒவ்வொரு தடவை கேமராவை ஓட விடும்போதும் ஒரு கைதட்டு போதும், அந்தச் சத்தத்தை வச்சு ஒலியையும் படத்தையும் பிறகு பொருத்திக்கலாம்.

இப்போ பெரியவர். 50 எம்எம்ல முகம் நிறையணும்னா கேமரா அவர் மடிக்குப் பக்கத்துல வந்துடும். 85 எம்எம் போட்டுப் பின்னாடி தள்ளுங்க. அதே ஃபிரேம் கிடைக்கும், கருவி அவர் எல்லையை விட்டு வெளியே போயிடும். பதிவு ஓடறப்போ எரியற சிவப்பு விளக்கு மேல கறுப்பு டேப், பீப் சத்தம் அணைப்பு. லைட், ஃபோகஸ் எல்லாத்தையும் வேற ஒருத்தரை உட்கார வச்சு முடிச்சிட்டு அப்புறமா அவரைக் கூப்பிடுங்க. அவரை உட்கார வச்சுக்கிட்டே நாற்காலியை நகர்த்தி, லைட்டை ஏத்தி இறக்கினா, "இப்போ பரீட்சை"ன்னு சொல்லாம சொல்லிட்டீங்க.

நீங்க லென்ஸை ஒட்டி, உங்க கண்ணும் லென்ஸும் அவர் கண்ணும் ஒரே உயரத்துல வர்ற மாதிரி உட்காருங்க. நண்பர் அவர் பார்வையில படவே கூடாது. ரெண்டு பேரைப் பார்த்துப் பேசறவங்க கண்ணு அலைபாயும், திரையில அது பொய் சொல்ற முகமாத் தெரியும்.

அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் எரோல் மோரிஸ், லென்ஸுக்கு முன்னாடி வைக்கிற டெலிபிராம்ப்டர் கண்ணாடியில கேள்வி கேட்கிறவர் முகத்தைக் காட்டி, பேசறவரை நேரா லென்ஸைப் பார்க்க வச்சார். அது மாதிரி முயற்சி செய்யலாம்னு யாராவது சொல்லுவாங்க. உங்க பெரியவருக்கு வேண்டாம். அவருக்கு எதிர்ல ஒரு மனுஷ முகம் வேணும்.

வெட்டுமேசை:
நான் எடிட்டிங் செய்கிறவன். என் மேசைக்கு வரும் நேர்காணல்களில் உயிரில்லாதவை பெரும்பாலும் கேமராவால் கெட்டவை அல்ல, கேள்வியால் கெட்டவை.

"புனிதமான தொழில்" எங்கிருந்து வந்தது? நீங்கள் கொடுத்த பட்டியலிலிருந்து. எழுதிக் கொடுத்த கேள்விக்கு மனிதர்கள் எழுதிய பதிலைத்தான் தயார் செய்வார்கள். எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொல்லுங்கள், அது அவருக்கு நீங்கள் செய்ய வேண்டிய மரியாதை. கேள்வியின் வாசகத்தைக் கொடுக்காதீர்கள்.

பிடித்ததா, வருத்தமா என்று கேட்டால் பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அவர் தலையாட்டினால் போதும். கருத்து கேட்காதீர்கள், காட்சி கேளுங்கள். "முதல் நாள் அச்சகத்துக்குள் நுழைந்ததைச் சொல்லுங்கள். யார் இருந்தார்கள், என்ன வாசனை?" "எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்று எப்படி மனதில் நின்றது?" "கடைசியாக ஸ்டிக்கை (எழுத்துகளை வரியாகக் கோக்கும் கைச்சட்டத்தை) கீழே வைத்த நாளில் யார் என்ன சொன்னார்கள்?" வருத்தம் தானாக வரும். வராவிட்டால் அவருக்கு வருத்தம் இல்லை என்று பொருள், அதையும் நாம் ஏற்க வேண்டும்.

உங்கள் குரல் படத்தில் இல்லையென்றால் அவர் பதில் தனியாக நிற்க வேண்டும். கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள் என்று பல இயக்குநர்கள் விதி போடுவார்கள். பழகிய பேச்சாளருக்குச் சரி. இவருக்கு அதுவும் ஒரு சுமை. கேள்வியாகவே கேட்காமல் "விரல் நசுங்கிய அன்றைக்கு நடந்ததைச் சொல்லுங்கள்" என்று தொடங்கி வைத்தால், "அன்னைக்கு மத்தியானம்" என்று அவர் தானாகவே முழு வாக்கியத்தில் ஆரம்பிப்பார்.

பதில் முடிந்ததாகத் தோன்றும்போது பேசாமல் இருங்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அந்த மௌனத்தை அவர்தான் நிரப்புவார், நிரப்பும்போது வருவது தயாரித்த பதிலாக இருக்காது. எத்தனையோ நல்ல பதில்கள் அடுத்த கேள்வி முந்திக்கொண்டதால் பாதியில் அறுந்து கிடப்பதை ஃபுட்டேஜில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

"அன்னைக்கே சொன்னேனே" என்பது நியாயமான கோபம். உங்களிடம் சொன்னதை உங்களிடமே திரும்பச் சொல்ல எந்த மனிதருக்கும் கூச்சம் இருக்கும். ஈய எழுத்தைக் கண்ணால் பார்த்திராத ஓர் இளையவரை உங்கள் நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். தெரியாதவருக்கு விளக்குவது அவருக்கு இயல்பாக வரும்.

செவிப்பறை:
ஒலி பத்தி மட்டும். காலர் மைக் தாடைக்கு ஒரு சாண் கீழே, துணி உரசாம டேப்ல சின்ன வளையம் போட்டு ஒட்டுங்க. 48 கிலோஹெர்ட்ஸ்ல பதிவு. ஒலி லெவல் வைக்கிறப்போ "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லச் சொல்லாதீங்க, அப்போ மேடைக் குரல்தான் வரும். எப்படி வந்தீங்கன்னு ஏதாவது பேசிக்கிட்டே அந்தச் சாதாரணக் குரல்ல மீட்டர்ல உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிக்கிற மாதிரி வைங்க. மனசு தொடற விஷயம் பேசறப்போ குரல் இன்னும் இறங்கும்.

அவர் பேசறப்போ நீங்க "ம்ம்", "ஆமாமா" போடாதீங்க. தலையை மட்டும் ஆட்டுங்க. உங்க "ம்ம்" அவர் வார்த்தை மேல விழுந்தா பிரிக்கிறது பெரும்பாடு. மின்விசிறி, ஃபிரிட்ஜ் நிறுத்தணும். வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள்ள வச்சிடுங்க, கிளம்பறப்போ மறுபடி போட மறக்க மாட்டீங்க. விசிறி இல்லாம பெரியவருக்குப் புழுங்கும், அடிக்கடி இடைவேளை விடுங்க. முடிஞ்சதும் யாரும் அசையாம அந்த அறையோட வெறும் சத்தத்தை ஒரு நிமிஷம் பதிவு பண்ணிக்கோங்க.

ஈயஎழுத்து:
எல்லாருக்கும் நன்றி. பட்டியல் அவர்கிட்ட இருக்கு, திரும்ப வாங்கினா தப்பா நினைப்பாரோ? இன்னொண்ணு, அவர் பழைய ஸ்டிக்கும் ஒரு எழுத்துக் கேஸும் பத்திரமா வச்சிருக்கார். அச்சுக் கோத்துக்கிட்டே பேச வச்சா?

வெட்டுமேசை:
பட்டியலை வாங்க வேண்டாம். "இன்றைக்கு அதெல்லாம் இல்லை, நீங்கள் வேலை பார்ப்பதைப் பார்க்க வந்திருக்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள்.

கோத்துக்கொண்டே பேசுவது மிக நல்ல வழி. நாஜிகளின் யூத இனப்படுகொலை பற்றி 1985இல் வந்த 'ஷோவா' ஆவணப்படத்தில், வதைமுகாமில் முடிவெட்ட வைக்கப்பட்ட ஆபிரகாம் போம்பாவை இயக்குநர் கிளாட் லான்ஸ்மான் ஒரு முடிதிருத்தும் கடைக்குள் கத்தரியோடு நிற்க வைத்துத்தான் பேச வைத்தார். கை பழைய வேலையைச் செய்யும்போது நினைவும் கூடவே எழுந்து வருகிறது. அதே காட்சியில் அவர் பேச முடியாமல் நின்றபோது லான்ஸ்மான் தொடரச் சொல்லி வற்புறுத்தினார். அது சரியா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. முறையை எடுத்துக்கொள்ளுங்கள், வற்புறுத்தலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செவிப்பறை:
எனக்கு ஒரு ஆட்சேபம். ஈய எழுத்து ஸ்டிக்ல விழற சத்தம் வார்த்தை மேல விழுந்தா யாராலயும் எடுக்க முடியாது. முழு நேர்காணலையும் அப்படி எடுக்காதீங்க.

மூன்றாம்கால்:
ரெண்டு பேரும் சொல்றது சரி. முதல்ல வேலையும் பேச்சும். நல்லா சூடு பிடிச்சதும் அதே இடத்துல, கேஸ் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உட்கார வச்சு முக்கியமான கதைகளைக் கேளுங்க. வேற அறைக்குக் கூட்டிட்டுப் போனா திரும்பவும் மேடைதான். 4கே தரத்துல எடுங்க. முடிஞ்ச படம் அதுல பாதி அகலமான 1080 தரத்துல இருந்தா ஒரே கேமராவுலயே அகலம், நெருக்கம்னு ரெண்டு அளவு வெட்டிக்கலாம்.

ஈயஎழுத்து:
விரல் விபத்தைக் கேமரா முன்னாடி கேட்கலாமா? தனியாச் சொன்னப்போ கண்ணு கலங்கிட்டார்.

வெட்டுமேசை:
முன்பே சொல்லிக் கேளுங்கள்: "அதைப் பற்றிப் பேசலாமா? வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்." வேண்டாம் என்று சொல்ல முடியும் என்று தெரிந்தவர்தான் மனம் திறந்து பேசுவார். சம்மதித்தால் நடுவில் கேளுங்கள், கடைசியில் அல்ல. கலங்கிய மனதோடு அவரை விட்டுவிட்டுக் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பக் கூடாது. ஃபோகஸ் தவறிவிட்டது, இன்னொரு முறை சொல்லுங்கள் என்று அந்தக் கதைக்கு மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். ஒலி இருக்கிறது, கைகளின் ஷாட் மேல் ஓடவிடலாம்.

"கட்" சொன்ன பிறகும் தெரியாமல் கேமராவை ஓடவிடு என்று ஒரு யோசனை உலவுகிறது. எனக்கு உடன்பாடில்லை. "கேமரா ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நான் கேட்க மறந்தது ஏதாவது உண்டா?" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். சம்மதக் கடிதத்தையும் வாசித்துக் காட்டி, படம் எங்கெல்லாம் போகும் என்று விளக்கிய பிறகே கையெழுத்து வாங்குங்கள்.

ஈயஎழுத்து:
போய்ட்டு வந்தாச்சு. அக்கா பொண்ணு காலேஜ்ல படிக்கிறா, அவளைக் கேட்க வச்சேன். முதல் பத்து நிமிஷம் அதே மேடைத் தமிழ். அப்புறம் அவ ஸ்டிக்கைத் தப்பாப் பிடிக்க, "இங்கே கொடும்மா"ன்னு வாங்கினார். அதுக்கப்புறம் நிறுத்தவே முடியலை. விரல் கதையைத் தானே எடுத்தார், நாங்க கேட்கக்கூட இல்லை. ஒரே சிக்கல்: "இதை எடுத்து இங்க வச்சு, இப்படித் திருப்பி"ன்னு சுட்டிக் காட்டியே பேசியிருக்கார். அகல ஃபிரேம்ல எதைச் சொல்றார்னே தெரியலை.

வெட்டுமேசை:
மிக்க மகிழ்ச்சி. முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் அப்படித்தான், அதில் முக்கியமான எதையும் கேட்காமல் இருந்தாலே போதும்.

"இது", "இப்படி" வரும் இடங்களை எல்லாம் நேரக் குறியோடு எழுதிக்கொண்டு, அவர் சுட்டிய ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு கை அசைவையும் நெருக்கத்தில் தனித்தனியாக எடுங்கள். பேச்சு வேண்டாம், கை மட்டும் போதும். அதே சட்டை, அதே பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம். கேஸை அவர் பரணில் ஏற்றுவதற்குள் போய்விடுங்கள்.

மூன்றாம்கால்:
ஒவ்வொரு ஷாட்டையும் பத்து விநாடிக்குக் குறையாம ஓட விடுங்க. வெட்டுமேசை அண்ணன் கேட்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.