எம்.எம். 540 பின் ஸ்பிரிங்: பிளேட் கூட்டணுமா, முழு செட் மாத்தணுமா?

மிளகுக்கொடி

வணக்கம். 1994 மாடல் மஹிந்திரா எம்.எம். 540 ஜீப், 4 வீல் டிரைவ். ஓடுறது கொல்லிமலையில. வாரத்துல மூணு நாள் 300 கிலோ வரைக்கும் மிளகு, காபி மூட்டை ஏறும், மத்த நாள் காலி. பின்னாடி வலது பக்கம் இடதைவிட 40 மி.மீ. தாழ்ந்திருக்கு (சமதரையில நிறுத்தி, ஆக்ஸில் குழாய்க்கும் சேஸிஸுக்கும் அளந்தது). லோடு ஏத்தினா வலது பக்கம் பம்ப் ஸ்டாப்ல (ஆக்ஸில் சேஸிஸ்ல மோதாம தடுக்கற ரப்பர் கட்டை) இடிக்குது. பிளேட் அடுக்கின லீஃப் ஸ்பிரிங்தான், பக்கத்துக்கு 7 பிளேட், எல்லாம் 6 மி.மீ.

பட்டறையில மூணு வழி சொல்றாங்க: இதையே சூடு காட்டி அடிச்சு வளைக்கறது, 8 மி.மீ. பிளேட் ரெண்டு கூட்டறது, முழு செட் புதுசு. எது சரி?

நாமக்கல் லைலேண்ட்

ரெண்டாவது வழியை இப்பவே மறந்துடுங்க. பிளேட்டோட விறைப்பு தடிமனோட மும்மடிக்கு ஏறும். 6-ஐ மூணு தடவை பெருக்கினா 216, 8-ஐ பெருக்கினா 512. அதாவது ஒரு 8 மி.மீ. பிளேட் கிட்டத்தட்ட 2.4 ஆறு மி.மீ. பிளேட்டுக்குச் சமம். ரெண்டு போட்டா ஸ்பிரிங் ஏறக்குறைய 70 சதவீதம் விறைச்சிடும். காலி வண்டியில பின்சக்கரம் தரையில ஒட்டாது, ஷேக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேஸிஸோட சேர்க்கற, ஆடுற இணைப்பு) பிராக்கெட் கிட்ட சேஸிஸ் விரிசல் விடும். "எத்தனை பிளேட்"னு கேட்டு ஸ்பிரிங் வாங்கறதே தப்பு. தடிமன், வளைவு, நீளம், இந்த மூணைத்தான் கேக்கணும்.

சூடு காட்டி அடிக்கறது எப்படி அடிக்கறாங்கங்கறதைப் பொறுத்தது. உலையில 850 டிகிரிக்கு மேல ஏத்தி, எண்ணெயில முக்கி, திரும்ப 450-500 டிகிரியில டெம்பர் பண்ணினா (மறுபடி மிதமா சூடாக்கி, ஒடியாத பதத்துக்குக் கொண்டுவந்தா) ஸ்பிரிங் ஸ்பிரிங்கா இருக்கும். கேஸ் வெல்டிங் டார்ச்சால அங்கங்க சிவக்கவெச்சு சுத்தியால தட்டினா அந்த இடத்துல டெம்பர் போச்சு. சில மாசத்துல பழையபடி படுத்துடும், இல்லேன்னா அந்த இடத்துலயே ஒடியும்.

ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. 50 கிலோ சிமெண்ட் மூட்டை நாலை நேரா பின் ஆக்ஸிலுக்கு மேல வெச்சு, ரெண்டு பக்கமும் எவ்வளவு இறங்குதுன்னு தனித்தனியா அளந்து போடுங்க. வண்டியை முன்னபின்ன ரெண்டு அடி உருட்டிட்டு அளக்கணும், இல்லேன்னா பிளேட் உராய்வுல அளவு ஏமாத்தும்.

மிளகுக்கொடி

அளந்தாச்சு அண்ணா. இடது 25 மி.மீ., வலது 34 மி.மீ.

நாமக்கல் லைலேண்ட்

அப்போ இது வெறும் தொய்வு இல்ல. படுத்துப்போன ஸ்பிரிங் உயரம்தான் குறையும், விறைப்பு மாறாது. 200 கிலோவுல பக்கத்துக்கு 100. அப்படின்னா உங்க இடது ஸ்பிரிங் மி.மீட்டருக்கு 4 கிலோ தாங்குது, வலது 3-க்கும் குறைவு. 7-ல 2 பிளேட் வேலை செய்யாம இருந்தா இந்தக் கணக்குதான் வரும்.

வெளியில தெரியாது. யூ போல்டையும் (ஸ்பிரிங்கை ஆக்ஸிலோட கட்டற யூ வடிவ போல்ட்) அடித்தகட்டையும் கழட்டி, பிளேட்டைப் பிரிச்சு, சென்டர் போல்ட் (பிளேட்டையெல்லாம் நடுவுல கோக்கற போல்ட்) ஓட்டையைச் சுத்தி கம்பி பிரஷ் போட்டுப் பாருங்க. விரிசல் அங்கதான் இருக்கும். யூ போல்ட் லூஸான வண்டியில பிளேட்டோட நடுப்பாகம் இறுக்கமா கிடக்காது, ஓட்டை இருக்கற பலவீனமான இடத்துலயே வளைய ஆரம்பிக்கும். மேல மெயின் பிளேட் நல்லா இருக்கறதால வண்டி ஓடிக்கிட்டே இருக்கும்.

மிளகுக்கொடி

பிரிச்சாச்சு. 3-வதும் 4-வதும் ஓட்டை வழியா ரெண்டா கிடக்கு. ஒண்ணுல ஒடிஞ்ச முகம் முழுக்கத் துரு. இன்னொண்ணுல பாதி துரு, பாதி பளபளப்பு. ஒடிஞ்ச ரெண்டை மட்டும் மாத்தினா போதுமா?

ஹேர்பின் 70

போதாது தம்பி. ரெண்டு பிளேட்டோட சுமையையும் மீதி அஞ்சும் சேர்த்து சுமந்திருக்கு, அதுக எல்லாம் களைச்சுப் போனதுதான். முழு செட், அதுவும் ரெண்டு பக்கமும் ஒண்ணா போடுங்க. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா மலை வளைவுல ஒவ்வொரு பக்கத்துக்கு ஒவ்வொரு மாதிரி சாயும்.

கடைக்கு "எம்.எம். 540 ஸ்பிரிங்"னு மட்டும் சொல்லிட்டுப் போகாதீங்க. இத்தனை வருஷ வண்டியில யார் என்ன மாத்தினாங்கன்னு தெரியாது. இதை எழுதிக்கிட்டுப் போங்க: மெயின் பிளேட்டோட வளைவு வழியா கண் (முனையில சுருட்டின வளையம்) மையத்துல இருந்து கண் மையம் வரைக்கும் நீளம், முன் கண்ணுல இருந்து சென்டர் போல்ட் வரைக்கும், பின் கண்ணுல இருந்து சென்டர் போல்ட் வரைக்கும் தனித்தனியா (ரெண்டும் சமமா இருக்கும்னு நினைச்சு விட்டா ஆக்ஸில் முன்னபின்ன போயிடும்), அகலம், கண்ணோட உள்விட்டம், சென்டர் போல்ட் தலை விட்டம். தடிமனுக்கு வெர்னியர், துருவைச் சுரண்டிட்டு.

வளைவுக்கு ஒரு கணக்கு இருக்கு. வே பிரிட்ஜ்ல பின்சக்கரம் மட்டும் ஏத்தி எடை போடுங்க. ஆக்ஸில், சக்கர எடையைக் கழிச்சு ரெண்டால வகுங்க. பக்கத்துக்கு 250 கிலோ வருதுன்னு வெச்சுக்குங்க, லோடு 150. மொத்தம் 400 கிலோ, உங்க நல்ல ஸ்பிரிங் மி.மீட்டருக்குத் தாங்கற 4 கிலோவால வகுத்தா 100 மி.மீ. முழு லோடுல பிளேட் ஏறக்குறைய நேரா நிக்கணும், அதனால கழட்டி வெச்ச புது ஸ்பிரிங்ல ரெண்டு கண் மையத்துக்கும் நூல் கட்டினா, நூலுக்கும் பிளேட் நடுவுக்கும் உள்ள வளைவு 100 மி.மீ. கிட்ட இருக்கணும். 140, 150-னு வளைச்சுக் கொடுத்தா வண்டி உசரமா அழகா நிக்கும்; ஆனா கண் ரெண்டும் கிட்ட வந்து ஷேக்கிள் உள்பக்கமா சாஞ்சு முட்டிக்கும், புராப்பெல்லர் ஷாஃப்ட் ஸ்லிப் ஜாயின்ட் (ஷாஃப்ட் நீண்டு குறுக விடற இணைப்பு) இழுத்துக்கும், பிரேக் ஹோஸ் விறைக்கும்.

300 கிலோவுக்கு மேல அடிக்கடி ஏத்துவீங்கன்னா அடியில ஒரே ஒரு ஹெல்பர் பிளேட், தடிமனா, வளைவு இல்லாம தட்டையா. காலியா இருக்கும்போது அது தொடாது, லோடுல மட்டும் வேலைக்கு வரும்.

நாமக்கல் லைலேண்ட்

மாட்டும்போது சில விஷயம். இந்த வண்டியில ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு அடியில, அதனால சென்டர் போல்ட் தலை மேல பாத்து ஆக்ஸில் சீட் ஓட்டையில உக்காரணும். திருப்பிப் போட்டு நட்டை அந்த ஓட்டைக்குள்ள திணிச்ச வண்டிகள் நிறைய, அதெல்லாம் கொஞ்ச நாள்ல கோணலா ஓடும்.

யூ போல்ட் புதுசுதான். பழசு நீண்டு மரை தேஞ்சிருக்கும். உங்களுக்கு இவ்வளவு வேலை வெச்சதே அதுதான். நாலு நட்டையும் குறுக்கு மறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா டார்க் ரெஞ்ச்ல இறுக்குங்க. 100 கி.மீ. ஓடினதும் ஒரு தடவை, 500-ல இன்னொரு தடவை, வண்டி தரையில நிக்கும்போதே.

ரப்பர் புஷ்னா ஷேக்கிள் போல்டையும் பின்னையும் ஜாக்கியில தூக்கிவெச்சு இறுக்காதீங்க. விரலால மாட்டிட்டு, வண்டியை இறக்கி, ரெண்டு ஆட்டு ஆட்டினப்புறம் இறுக்கணும். தொங்கற நிலையில இறுக்கினா வண்டி இறங்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நின்னு சீக்கிரம் கிழியும்.

பிளேட்டுக்கு நடுவுல கிரீஸ் அப்பச் சொல்லுவாங்க, வேண்டாம். மலைச் செம்மண் அதுல ஒட்டி அரத்தாள் மாதிரி அறுக்கும்.

மிளகுக்கொடி

நன்றி அண்ணா. பழைய யூ போல்ட்ல ஒரு நட்டு கையாலயே ரெண்டு சுத்து வந்துச்சு, அப்போ புரியல. 7 பிளேட், 6 மி.மீ., வளைவு 100-னு சொல்லி ஜோடியா ஆர்டர் குடுத்துட்டேன். முன் ஸ்பிரிங்கையும் இதோட மாத்தணுமா?

ஹேர்பின் 70

முன்னாடியும் இதே மாதிரி அளந்து பாருங்க. ரெண்டு பக்கமும் 5 மி.மீ. வித்தியாசத்துக்குள்ள இருந்தா விடுங்க, யூ போல்ட் மட்டும் மாத்துங்க. உசரத்துக்காக முன் ஷேக்கிளை நீளமாக்கச் சொன்னா ஒத்துக்காதீங்க. ஷேக்கிள் முன்முனையில இருக்கற வண்டியில காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு பின்னால சாயற கோணம்) குறைஞ்சு, வளைவு முடிஞ்சதும் ஸ்டீயரிங் தானா திரும்பி வராது.