மறு: டெட்லிஃப்ட் பிடிகளுக்குச் சொல்: ‘கலப்புப்பிடி’ போதாது

அனைவருக்கும் வணக்கம். டெட்லிஃப்ட், அதாவது தரையில் கிடக்கும் பாரக்கம்பியை நிமிர்ந்து தூக்குவது. அதில் கம்பியைப் பிடிக்கும் விதங்களுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிற இந்த இழையில் ஒரு அண்ணா இப்படிக் கேட்டார்:

> மிக்ஸ்ட் கிரிப் = கலப்புப்பிடி, ஹூக் கிரிப் = கொக்கிப்பிடி. இதில் பேச என்ன இருக்கிறது?

இருக்கிறது, அண்ணா. வெள்ளவத்தையில் நான் போகிற ஜிம்மில் போன மாதம் ஒரு தம்பி 140 கிலோ தூக்கப் போனான். ஒரு உள்ளங்கை உடம்பைப் பார்க்க, மற்றது வெளியே பார்க்கக் கம்பியைப் பிடித்தான். அதுதான் கலப்புப்பிடி. பாரம் அசையவில்லை. வெளியே பார்த்த கையை முழங்கையில் கொஞ்சம் மடக்கி இழுத்தான். ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். சட்டையைச் சுருட்டிப் பார்த்தால் இருதலைத்தசை (பைசெப்ஸ்) உருண்டு தோள்பக்கம் ஏறிக் கிடக்கிறது. முன்கையின் ஆரை எலும்பில் அதைப் பற்றவைத்திருக்கும் தசைநாண் அறுந்துவிட்டது.

பயிற்றுநர் முதலே சொன்னவர்தான்: “அந்தக் கையை மடக்காத.” எந்தக் கையை? அதற்குத்தான் எங்களிடம் பெயர் இல்லையே. ‘கலப்புப்பிடி’ இரண்டு கைக்கும் சேர்த்து வைத்த பெயர். அறுவதோ பெரும்பாலும் ஒரு கையில். ஆகவே முதலில் கைகளுக்குப் பெயர் வைப்போம்.

உள்ளங்கை உடம்பைப் பார்த்தால் கவிழ்கை. இதில் பிணக்கு வராது. மற்றதற்கு இங்கே ஒருவர் சொன்ன ‘மலர்கை’ நல்ல தமிழ்தான், ஆனால் ஜிம்மில் சொன்னால் பொடியன்கள் பூவைத்தான் நினைப்பார்கள். நான் சொல்வது ஏந்துகை. பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலில் விபூதி வாங்க நீட்டுவோமே, அந்தக் கை. ஒன்று கவிழ்ந்து ஒன்று ஏந்தினால் மாறுகைப்பிடி.

கொக்கி விஷயம். எங்கள் ஊரில் அது கொளுக்கி, அதை விடுங்கள். ‘கொக்கிப்பிடி’ என்று கேட்டவன் நான்கு விரலையும் கொக்கியாக வளைத்துவிட்டுப் பெருவிரலைச் சும்மா விடுகிறான். உண்மையில் பெருவிரலைக் கம்பியோடு சேர்த்துச் சுற்றி, அதன்மேல் சுட்டுவிரலையும் நடுவிரலையும் போட்டு அமத்த வேண்டும். வர்மக்கலையில் பூட்டு என்கிறார்களே, அதேதான். பூட்டுப்பிடி. முதல் சில கிழமை பெருவிரல் உயிர் போகும். ஆனால் இரண்டு கையும் கவிழ்ந்தே இருப்பதால் இருதலைத்தசைக்கு அந்தப் பயம் குறைவு.

மணிக்கட்டைக் கம்பியோடு சேர்த்துக் கட்டுகிற கைப்பட்டிக்கு (ஸ்ட்ராப்) ‘கைவார்’ போதும் என்று நினைக்கிறேன். 2016இல் இங்கிலாந்துப் பலசாலி எடி ஹால் 500 கிலோ தூக்கியதும் வார் கட்டித்தான். பவர்லிஃப்டிங் போட்டியில் அதற்கு இடமில்லை. டெட்லிஃப்ட்டை ‘கிடைத்தூக்கு’ ஆக்க வேண்டாம். இலங்கையில் கணிதம் படித்தவனுக்குக் கிடை என்றால் படுக்கைக் கோடு.

---

தம்பி,

நான் இங்கே இயன்மருத்துவம் (பிசியோதெரபி) செய்கிறேன். பூட்டுப்பிடி அருமை. ஏந்துகைதான் உதைக்கிறது. விபூதி வாங்கும்போது உங்கள் முழங்கை எப்படி இருக்கும்? மடங்கித்தானே! எதைச் செய்யாதே என்கிறீர்களோ அதையே சொல் செய்து காட்டுகிறது.

இன்னொன்று. ஒரே கையை எப்போதும் திருப்பிப் பிடிக்கிறவர்கள் உடம்பு ஒரு பக்கம் முறுகித்தான் தூக்குகிறார்கள். பிறகு “ஒரு தோள் மட்டும் நோகுது அக்கா” என்று வருகிறார்கள். மாறுகைப்பிடி என்பதில் ‘முறைக்கு முறை கையை மாற்று’ என்ற பொருளும் ஒட்டிக்கொள்வதால் அதை நான் விடமாட்டேன். பாரம் குறைந்த சுற்றுகளில் இரண்டு கையும் கவிழ்ந்தே இருக்கட்டும். கம்பி விரல்நுனிக்கு உருளத் தொடங்கிய பிறகு மாறுகைக்குப் போனால் போதும்; அங்கே இரண்டு கைக்கும் உருளல் எதிரெதிராகி அடங்கிவிடுகிறது.

---

அக்கா,

ஒத்துக்கொள்கிறேன். ஏந்துகையைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

பயிற்றுநர் வாயில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: “ஒரு கையைப் பிரட்டிப் பிடி.” ரொட்டியைப் பிரட்டுகிற அதே பிரட்டு. எழுத்தில் புரட்டுகை. புரட்டு என்றால் பொய் என்று யாராவது வருவார்கள். வரட்டும், பலம் தருகிற மாதிரிக் காட்டித் தசைநாணை அறுக்கிற கைக்கு அதுவும் பொருந்தும்.

நேற்றுப் பின்னேரம் ஒரு புதுப் பொடியனிடம் “பிரட்டின கையை மடக்காத” என்று சொல்லிப் பார்த்தேன். எந்தக் கை என்று கேட்கவில்லை. இடது முழங்கையை நீட்டினான்.