தட்டைப் பூமி மாமாவை மடக்க உதவி வேண்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். பூமி தட்டை என்று எங்கள் சின்ன மாமா யூடியூப் பார்த்து நம்பிவிட்டார். சூரியன் தட்டுக்கு மேலே சுற்றுகிறதாம். டிசம்பரில் மகர ரேகைக்கு (நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள கற்பனைக் கோடு) மேல் வருவதால்தான் நமக்குக் கோடையாம். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது என்றால் சிரிக்கிறார்.

சரி, வட துருவத்தை நடுவில் வைத்து வரைந்த அவருடைய தட்டைப் பூமிப் படத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் மகர ரேகை நமக்கு வடக்கே. அப்படியானால் டிசம்பரில் சூரியன் வடகிழக்கில்தானே உதிக்க வேண்டும்? எங்கள் வீட்டில் தென்கிழக்கு ஜன்னல் வழியாக அம்மாவின் பூஜை அலமாரியில் வெயில் விழுகிறதே! கேட்டால், "ஒளி வளையுது மாப்பிள்ளை" என்று மழுப்புகிறார்.

கேப்டவுன், மொரிஷியஸ், சிட்னியில் இருக்கும் அண்ணன் அக்காமாரே, டிசம்பர் 21 காலை உதயத்தைத் திசையோடு படமெடுத்து அனுப்புவீர்களா? போன் திசைகாட்டியில் உண்மை வடக்கை (வட துருவம் இருக்கும் திசை) வைத்துக்கொள்ளுங்கள். காந்த வடக்கு (காந்த ஊசி காட்டும் திசை) இங்கே அதிலிருந்து ரொம்பவே விலகும், அதையும் மாமா பிடித்துக்கொள்வார்.