கோர் மெமரியைக் கைவிட்டது சரியா?

ஃபெரைட்: மின்சாரம் போனால் ரேமில் இருப்பதெல்லாம் போச்சு. 1950களில் வந்த பழைய கணினி நினைவகமான கோர் மெமரிக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன குட்டி வளையம் ஒரு திசையில் காந்தமானால் 1, எதிர்த்திசையில் 0. 1986இல் சேலஞ்சர் விண்ணோடம் சிதறிக் கடலில் விழுந்த பிறகும் அதன் கணினிகளின் கோரில் தரவு அழியவில்லை. விலைக்காக மட்டுமே இதை விட்டார்கள்.

சிலிக்கான்_சித்தன்: தொல்லையே கிடையாதா? அதைப் படிக்கும் விதத்தைப் பாருங்கள் சார். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் குறுக்கே ஒரு கம்பி, நெடுக்கே ஒரு கம்பி. இரண்டிலும் பாதிப் பாதி மின்னோட்டம். பாதி மட்டும் பட்டால் வளையம் அசையாது. இரண்டும் சந்திக்கிற வளையம்தான் புரளும். படிக்க வேண்டுமென்றால் அதை 0 பக்கம் தள்ள வேண்டும். முன்பு 1 இருந்திருந்தால், புரளும்போது அதை உணர்வதற்கென்றே உள்ள சென்ஸ் கம்பியில் ஒரு மின் துடிப்பு வரும். அப்படித்தான் தெரிந்துகொள்கிறோம். ஆக, படித்தாலே அழிந்துவிடும்! உடனே திரும்ப எழுதியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனால்?

ஃபெரைட்: அதற்கும் வழி வைத்திருந்தார்கள். மின்னழுத்தம் இறங்குவதைக் கண்டதும், படித்துக்கொண்டிருப்பதைத் திரும்ப எழுதி முடித்துவிட்டுத்தான் நிற்கும். சில மைக்ரோநொடி வேலை. கப்பாசிட்டரில் மிச்சமிருப்பதே போதும். இன்றைய கணினிகளில் ரேமாக இருக்கும் உங்கள் சிலிக்கான் சில்லு, அதாவது டிராம், மட்டும் என்னவாம்? முதலில் நன்றாக விற்ற டிராம் சில்லான இன்டெல் 1103இல், தரவு மறையாமல் இருக்க 2 மில்லிநொடிக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது.

கடைசிபெஞ்ச்: அண்ணா, நிலவுக்குப் போன அப்பல்லோ விண்கலத்தின் கணினிக்குப் பெண்கள் கையால் நெய்தார்களே, அது இதுதானா?

சிலிக்கான்_சித்தன்: இல்லை தம்பி, அது கயிறு மெமரி. கம்பி வளையத்துக்குள் நுழைந்தால் 1, வெளியே போனால் 0. தரவு காந்தத்தில் இல்லை, கம்பி போகிற பாதையில் இருக்கிறது. நிரலில் பிழை இருந்தால் அந்தப் பகுதியை மறுபடி நெய்ய வேண்டியதுதான். சாதாரணக் கோரிலும் கம்பி கோக்கும் வேலை பெரும்பாலும் கைவேலைதான். 1970இல் வந்த 1103, ஒரே சில்லில் 1024 பிட். கையால் கோத்து அந்த வேகத்துக்கு எப்படி ஈடுகொடுப்பது?

ஃபெரைட்: அப்போ விலைதான் காரணம், நான் சொன்னதேதான். படித்தால் அழிகிற குறையும் தீர்ந்துதான் இருந்தது. 1977இல் கிளம்பிய வாயேஜர் விண்கலத்தின் கட்டளைக் கணினியில் இருப்பது காந்தப் பூச்சுக் கம்பி மெமரி, படித்தாலும் அழியாது.

சிலிக்கான்_சித்தன்: இருக்கிறது, வெறும் 4096 வேர்டு (கணினி ஒரே தடவையில் கையாளும் பிட் தொகுதி)! இன்றைய எம்ரேம் என்ற நினைவகச் சில்லும் காந்தம்தான். நடுவில் மெல்லிய மின்காப்பு, இருபுறமும் காந்தப் படலம். இரண்டும் ஒரே திசை என்றால் மின்தடை குறைவு, எதிரெதிர் என்றால் அதிகம். படித்தால் அழியாது, மின்சாரம் போனாலும் நிற்கும். ஆனாலும் கணினியில் டிராமின் இடத்தை அது பிடித்ததா? பிட்டுக்கு என்ன விலை என்று கேட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்.