சார்பு நீதிமன்றத்திலிருந்து சம்மன்: நேராக மதுரைக்குப் போக முடியாதா?

காவிரிக்கரை:
எங்கள் ஊர் தஞ்சாவூர் பக்கம். தாத்தா பெயரில் இருந்த நிலத்தில் பாகம் கேட்டு மாமா வழக்குப் போட்டிருக்கிறார். அம்மாவைப் பிரதிவாதியாகச் சேர்த்துப் போன வாரம் சம்மன் வந்தது. அதில் சார்பு நீதிமன்றம் என்று இருக்கிறது. சொத்து வழக்கு முன்சீப் கோர்ட்டில்தானே நடக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இன்னொருவர் கீழ்க்கோர்ட்டில் வருஷக்கணக்கில் இழுக்கும், நேராக மதுரை ஹைகோர்ட்டில் ரிட் போட்டு முடித்துவிடுங்கள் என்கிறார். அம்மா சரியாகத் தூங்கி நாலு நாள் ஆகிறது. இந்தக் கோர்ட்டுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, நாங்கள் எந்தப் படியில் நிற்கிறோம் என்று யாராவது விளக்குவீர்களா?

பழைய சிரஸ்தார்:
தம்பி, முதலில் அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். சிவில் வழக்கில் வரும் சம்மன் குற்றச்சாட்டு இல்லை, உங்கள் தரப்பைச் சொல்ல வரும் அழைப்புதான்.

சிவில் பக்கம் கீழே இருந்து பார்த்தால் முன்சீப் கோர்ட், அதாவது மாவட்ட உரிமையியல் நீதிமன்றம், அதற்கு மேல் சார்பு நீதிமன்றம், அதற்கு மேல் மாவட்ட நீதிமன்றம், மாநில அளவில் உச்சியில் உயர்நீதிமன்றம். எதில் போடுவது என்பதை வழக்கின் மதிப்பு முடிவு செய்யும். அந்த மதிப்பை விசாரிக்க அதிகாரம் உள்ள நீதிமன்றங்களில் எது கீழ்ப்படியோ அங்கேதான் தாக்கல் செய்ய வேண்டும் என்பது சிவில் நடைமுறைச் சட்டம் 15ஆம் பிரிவு. பிராதின், அதாவது மாமா தாக்கல் செய்த வழக்கு மனுவின், கடைசிப் பக்கங்களில் மதிப்பீட்டு விவரம் இருக்கும், பாருங்கள், ஏன் சார்பு நீதிமன்றம் என்பதற்குப் பதில் அங்கேயே இருக்கும்.

கிரிமினல் பக்கம் தனி ஏணி. முதல் வகுப்பு நடுவர், அதாவது மாஜிஸ்திரேட், 3 வருடம் வரை, தலைமைக் குற்றவியல் நடுவர் 7 வருடம் வரை தண்டிக்கலாம். அதற்கு மேற்பட்டது செஷன்ஸ் நீதிமன்றம். அங்கே தூக்குத் தண்டனை விதித்தாலும் உயர்நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. ஆனால் ஆட்கள் பல இடங்களில் ஒன்றுதான். மாவட்ட நீதிபதியே செஷன்ஸ் நீதிபதி. சின்னத் தாலுகாக்களில் முன்சீப்பே நடுவராகவும் இருப்பார், காலையில் திருட்டு வழக்கு, மதியம் வரப்புத் தகராறு என்று ஒரே மேசைக்கு வரும். இவ்வளவுக்கும் மேற்பார்வை உயர்நீதிமன்றம். 1862இல் சென்னையில் தொடங்கியது, 2004இல் மதுரைக் கிளை வந்தது. தஞ்சாவூர், திருச்சியெல்லாம் மதுரைக் கிளையின் எல்லைதான்.

ரிட் யோசனையை விட்டுவிடுங்கள். அது பெரும்பாலும் அரசும் அதிகாரிகளும் செய்ததை எதிர்த்துப் போடுவது. அண்ணன் தங்கை பாகத் தகராறை அதில் எடுக்க மாட்டார்கள்.

செங்காந்தள்:
ஐயா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. எங்கள் வழக்கில் வக்கீலிடம் வழக்குக் கட்டைக் கொடுத்துவிட்டோம், அவர் பார்த்துக்கொள்வார் என்று நாங்கள் இருந்துவிட்டோம், வக்காலத்தில், அதாவது அவரை எங்கள் வக்கீலாக நியமிக்கும் தாளில், கையெழுத்தே வாங்காமல் விட்டிருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. வாய்தாவுக்கு, அதாவது விசாரணைத் தேதிக்கு, யாரும் ஆஜராகாததால் எங்கள் தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகிவிட்டது. அதை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும், நாங்கள் 27ஆவது நாள் போட்டோம். அந்த மூன்று வாரம் நான் பட்ட பாடு வேறு யாருக்கும் வரக்கூடாது. வக்காலத்துத் தாக்கலாகிவிட்டதா என்று நீங்களே கேளுங்கள். நீதிமன்றங்களின் ஈகோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கின் அடையாளமான 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு என்று வந்துவிடும்.

செலவு பயமாக இருந்தால் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும், இது 1987 சட்டம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இளைய வழக்கறிஞர்:
எதிருரைக்கு, அதாவது பிராதுக்கு நீங்கள் எழுத்தில் தரும் பதிலுக்கு, சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாள், காரணம் காட்டிக் கேட்டால் 90 நாள் வரை. மற்றவர்கள் சொல்லாத ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கீழ்க்கோர்ட் சும்மா ஒரு ஒத்திகை, நிஜ வழக்கு ஹைகோர்ட்டில்தான் என்ற எண்ணம் நிறையப் பேருக்கு இருக்கிறது, அது வழக்கையே கெடுத்துவிடும். சாட்சி கூண்டில் ஏறுவது, குறுக்கு விசாரணை, பத்திரங்களைச் சான்றாகக் குறியிடுவது எல்லாம் முதல் கோர்ட்டில்தான். முதல் மேல்முறையீட்டில் சாட்சியத்தை மறுபடி அலசுவார்கள், ஆனால் கீழே பதிவானதை வைத்துத்தான். புதிய ஆவணத்தை அபூர்வமாகத்தான் ஏற்பார்கள். இரண்டாம் மேல்முறையீடு உயர்நீதிமன்றத்துக்குப் போகும்போது சட்டம் சார்ந்த முக்கியமான கேள்வி இருந்தால் மட்டுமே எடுப்பார்கள். அதனால் தாத்தாவின் பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று எது இருந்தாலும் இப்போதே தேடுங்கள்.

பாக வழக்கில் தீர்ப்பு இரண்டு கட்டம். யாருக்கு எத்தனை பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை சொல்லும். அப்புறம் கோர்ட் நியமிக்கும் அட்வகேட் கமிஷனர் போய் அளந்து பார்த்து இறுதித் தீர்ப்பாணை. முதல்நிலையில் சொன்ன பங்கு தப்பு என்றால் அப்போதே மேல்முறையீடு செய்ய வேண்டும், இறுதி வரட்டும் என்று காத்திருந்தால் பங்கைப் பற்றிப் பிறகு பேச முடியாது.

காவிரிக்கரை:
அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பிராதைப் புரட்டினேன், ஐயா சொன்ன மதிப்பீடு கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், இப்போது கொஞ்சம் தெளிவாக இருக்கிறார். ஒன்று மட்டும்: மாமாவோடு பேசி முடிக்க இப்போதும் வழி உண்டா? அம்மாவுக்கு உள்ளுக்குள் அந்த ஆசை இருக்கிறது.

பழைய சிரஸ்தார்:
தாராளமாக உண்டு. வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், இல்லையென்றால் லோக் அதாலத், அதாவது மக்கள் நீதிமன்றம். லோக் அதாலத்தில் முடிந்தால் மாமா கட்டிய கோர்ட் கட்டணம் அவருக்குத் திரும்பக் கிடைக்கும், அந்த முடிவின் மேல் அப்பீலும் கிடையாது. ஆனால் பேச்சு நடக்கிறது என்று எதிருரையைத் தள்ளிப் போடாதீர்கள், அது ஒரு பக்கம் தாக்கலாகட்டும். அம்மாவே வாய்தா அன்று நேரில் வந்து மாமாவைப் பார்க்கட்டும். கோர்ட் வராந்தாவில் பேசிச் சேர்ந்து திரும்பிப் போன குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.