இருளர் குடியிருப்புல சட்ட உதவி பண்ணணும்னு இருக்கோம், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

செஞ்சிக்கோட்டை மீனா

எல்லாருக்கும் வணக்கம். நான் லா காலேஜ் கடைசி வருஷம், ஊர் விழுப்புரம் மாவட்டம். எங்க ஊர் ஏரிக்கரைய ஒட்டி இருளர் பழங்குடிக் குடும்பங்க இருக்காங்க, செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் போறவங்க. சுத்துவட்டாரத்துல எங்க நகை திருடு போனாலும் ராத்திரி போலீஸ் வண்டி வந்து நிக்கிறது இவங்க வாசல்லதான். போன மாசம் ரெண்டு பசங்கள விசாரணைன்னு கூட்டிட்டுப் போயி திருட்டு கேஸ்ல ரிமாண்ட் பண்ணிட்டாங்க, பெயில் ஆர்டர் வந்தாச்சு ஆனா பசங்க இன்னும் உள்ளதான் இருக்காங்க, ஏன்னு அவங்க அம்மாவுக்கும் புரியல எனக்கும் சரியா சொல்லத் தெரியல. நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து அங்க சட்ட விழிப்புணர்வு முகாம் ஒண்ணு வைக்கலாம், நோட்டீஸ் அடிச்சுக் குடுக்கலாம்னு பேசிட்டிருக்கோம். இது உபயோகமா இருக்குமா? இந்த வேலைல இருக்கறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

திண்டிவனம் வக்கீல்

தங்கச்சி, முகாம அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல அந்த ரெண்டு பசங்கள வெளிய எடுங்க. பெயில் கிடைச்சும் உள்ள இருக்காங்கன்னா அநேகமா சூரிட்டி பிரச்சினைதான். ரெண்டு ஜாமீன்தார் வேணும், அதுல ஒருத்தர் பிளட் சூரிட்டி, அதாவது ரத்த சொந்தமா இருக்கணும்னு ஆர்டர்ல இருக்கும், பட்டாவே இல்லாத சனத்துகிட்ட சொத்து வரி ரசீது கேட்டா எங்க போவாங்க? மொட்டை மாடி வீட்டுக்காரர் யாரும் இருளருக்கு ஜாமீன் நிக்க மாட்டார். அதனால மனு போட்டு கண்டிஷன மாத்தச் சொல்லணும். மோதிராம்னு ஒரு கொத்தனார் கேஸ்ல 1978லயே சுப்ரீம் கோர்ட் இதைப் பேசிடுச்சு, மாஜிஸ்திரேட் கேட்ட 10,000 ரூபா ஜாமீன எடுத்துட்டு ஆயிரம் ரூபாய்க்கு அவரோட சொந்தப் பிணைலயே விடச் சொன்னாங்க. 2023 ஜனவரி கடைசில இன்னும் தெளிவா சொல்லிட்டாங்க, பெயில் ஆகி ஏழு நாள்ல ஆள் வெளிய வரலன்னா ஜெயில் சூப்பிரண்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் குடுக்கணும், ஒரு மாசம் ஆகியும் ஜாமீன் கட்டலன்னா கோர்ட்டே தானா எடுத்து கண்டிஷன தளர்த்தலாம்னு. ஆனா தானா யாரும் எடுக்க மாட்டாங்க, நாமதான் போய் ஞாபகப்படுத்தணும். வட்ட சட்டப் பணிகள் குழு ஆபீஸ் உங்க கோர்ட் வளாகத்துலயே இருக்கும், எஸ்டின்னா வருமானம் பாக்காம இலவச வக்கீல் குடுக்கணும்னு 1987 சட்டம் 12வது பிரிவு சொல்லுது, 15100க்கு போன் பண்ணாலும் சரி.

வெளிய வந்ததும் வேலை முடிஞ்சிடாது, எல்லாரும் கோட்டை விடறது அங்கதான். தினம் காலைல ஸ்டேஷன்ல கையெழுத்துன்னு கண்டிஷன் இருந்தா சூளைக் கூலி போச்சு, குடும்பமே முன்பணம் வாங்கிட்டு வேற மாவட்டத்துக்கு சூளைக்குப் போயிடும், வாய்தா தேதி யாருக்கும் தெரியாது, பிடிவாரண்ட் வந்துடும். அடுத்த தடவை எங்கயாவது திருடு போனா மொதல்ல தேடறது வாரண்ட் இருக்கற ஆளத்தான். ஒரு நோட்டுப் போட்டு யாருக்கு எந்த கோர்ட்ல எந்த நம்பர் கேஸ் என்னைக்கு வாய்தான்னு எழுதி, முந்தின நாள் போன் பண்ணி, முடிஞ்சா கூடவே போங்க. இது மட்டும் ஒழுங்கா செஞ்சாலே நீங்க நூறு முகாம் வச்சதுக்கு மேல.

மரக்காணம் சேகர்

நான் இருளர் வீட்டுப் பையன், டிகிரி முடிச்சிட்டு இங்க ஒரு சங்கத்துல வேலை பாக்கறேன். அக்கா நோட்டீஸ் வேணாம், எங்க பெருசுங்க படிக்க மாட்டாங்க, போன் நம்பர பெருசா எழுதி வீட்டுக்கு வீடு ஒட்டுங்க, அந்த நம்பர ராத்திரி ரெண்டு மணிக்கு அடிச்சாலும் யாராவது எடுக்கணும், எடுக்க முடியாதுன்னா ஒட்டவே ஒட்டாதீங்க. வர்றது சாயங்காலமா வாங்க, பகல்ல ஆள் இருக்காது. பேன்ட் சட்டைல கும்பலா வந்து இறங்குனா பொம்பளைங்க உள்ள போயிடுவாங்க, முதல் ரெண்டு மூணு தடவை சும்மா உக்காந்து பேசிட்டுப் போங்க.

இன்னொண்ணு முக்கியமா சொல்லணும். ‘ஒத்துக்கோ, இருந்த நாள கழிச்சு விட்டுடுவாங்க, வீட்டுக்குப் போயிடலாம்’னு எங்க ஆளுங்ககிட்ட சொல்றாங்க. குழந்தைங்க பட்டினியா கெடக்குன்னு அவங்களும் ஒத்துக்கிட்டு வந்துடறாங்க. அது தண்டனைன்னு பதிவாயிடுது, அதோட அவன் ‘பழைய குற்றவாளி’. எங்க சித்தப்பாவுக்கு இதான் ஆச்சு, இன்னைக்கு வரைக்கும் வண்டிச் சத்தம் கேட்டா எழுந்து வெளிய போயிடுவாரு. ஒத்துக்கறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல் அவங்ககிட்ட தனியா அஞ்சு நிமிஷம் பேசினாலே நிறைய மாறும்.

சாதிச் சான்றும் சேர்த்துப் பாருங்க, எஸ்டிக்கு தாசில்தார் தர முடியாது, வருவாய் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) இல்லன்னா சப் கலெக்டர்தான் தரணும், வருஷக்கணக்கா அலைய விடறாங்க. அது இல்லாம வன்கொடுமைச் சட்டத்துல கேஸ் போடப் போனா முதல் கேள்வியே ‘நீ எஸ்டிங்கறதுக்கு என்ன ஆதாரம்’தான்.

நடுநிலை குமார்

தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாமே பொய் கேஸ்னு சொல்லிட முடியுமா? சில பேர் நிஜமாவே திருடியிருக்கலாம் இல்லையா?

திண்டிவனம் வக்கீல்

இருக்கலாம் சார், எல்லா சாதிலயும் இருக்கற மாதிரி. திருடினவனுக்கும் வக்கீல் உண்டு, 24 மணி நேரத்துல மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும், அடிக்கக் கூடாது. நான் கேக்கறது ஒண்ணுதான், மேல்தெருவுல ஒரு திருட்டுன்னா அந்தத் தெருவுல இருக்கற அத்தனை பேரையும் ராத்திரி ஏத்திட்டுப் போவாங்களா? இங்க போறாங்க. முடிக்காம கெடக்கற பழைய கேஸுங்களையும் அதே பையன் தலைல கட்டறாங்க, அதோட விளைவு ரொம்பப் பேருக்குத் தெரியல. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா வந்த புது பிஎன்எஸ்எஸ் சட்டம் 479வது பிரிவுல முதல் தடவை மாட்டினவன் அதிகபட்ச தண்டனைல மூணுல ஒரு பங்கு காலம் உள்ள இருந்துட்டா பெயில்ல விடணும்னு நல்ல விஷயம் ஒண்ணு இருக்கு, ஆனா ஒண்ணுக்கு மேல கேஸ் நிலுவைல இருந்தா அது கிடையாதுன்னு அதே பிரிவுல இருக்கு. அஞ்சு கேஸ் போட்டா போதும், அந்தச் சலுகை எங்க ஆளுக்கு இல்லாமயே போயிடுது.

கடலூர் ராணி

மீனா, ராத்திரி தூக்கிட்டுப் போற நேரத்துக்கு என்ன செய்யணும்னும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. முன்னல்லாம் உடனே தந்தி அடிப்போம், முதலமைச்சருக்கு, கலெக்டருக்கு, எஸ்பிக்கு, அதுல நேரம் பதிவாயிடும், நாலு நாள் கழிச்சு ‘இன்னைக்குக் காலைலதான் பஸ் ஸ்டாண்டுல பிடிச்சோம்’னு எழுத முடியாது. 2013ல தந்தியே நின்னு போச்சு. இப்ப அதே வேலைய ஈமெயில்ல செய்யணும், எஸ்பி, மாவட்ட நீதிபதி, மனித உரிமை ஆணையம் எல்லாருக்கும் பேர், ஊர், கூட்டிட்டுப் போன நேரம், வண்டி நம்பர் போட்டு உடனே அனுப்பிடுங்க. பொம்பளைங்கள பொழுது சாய்ஞ்ச பிறகு கைது பண்ண மாஜிஸ்திரேட் முன் அனுமதி வேணும், பெண் போலீஸ் இருக்கணும், அதையும் அவங்களுக்கு சொல்லி வைங்க. ரிமாண்டுக்கு நிறுத்தும்போது அடி பட்டிருந்தா மாஜிஸ்திரேட்கிட்ட சட்டையத் தூக்கிக் காட்டணும், அதை எழுதச் சொல்லணும். பயத்துல வாயத் திறக்க மாட்டாங்க, அங்க நம்ம ஆள் ஒருத்தர் நின்னா அவங்களுக்குத் தைரியம் வரும்.

லேட்டானாலும் விட்டுடாதீங்க. தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி பழங்குடி கிராமத்துல 1992 ஜூன்ல வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க புகுந்து மக்கள அடிச்சு, பொம்பளைங்கள பலாத்காரம் பண்ணினதுக்கு 2011லதான் தீர்ப்பு, அதுக்குள்ள குற்றவாளிகள்ல 54 பேர் செத்தே போயிட்டாங்க, உயிரோட இருந்த 215 பேருக்கும் தண்டனை, 2023ல ஹைகோர்ட் அதை உறுதி பண்ணுச்சு. மலைவாழ் மக்கள் சங்கம் அத்தனை வருஷமும் அந்தப் பொம்பளைங்க கூடவே நின்னதாலதான் சாட்சி நின்னுச்சு.

செஞ்சிக்கோட்டை மீனா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முகாம் இப்ப வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். திங்கக்கிழமை பெயில் ஆர்டர் காப்பியோட வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போறோம். வக்கீல் அண்ணா, நாங்க இன்னும் வக்கீலா என்ரோல் ஆகல, எந்தத் தகுதில போய் பேசறது? யாருன்னு கேட்டா?

திண்டிவனம் வக்கீல்

சட்ட மாணவர்ங்க பாரா லீகல் வாலன்டியரா, அதாவது சட்ட உதவித் தன்னார்வலரா சேரலாம்மா, அங்கயே விண்ணப்பம் கேளுங்க, ஐடி கார்டு தருவாங்க, ஜெயிலுக்கு மனு எழுதப் போறதுக்கும் அது உதவும். திங்கக்கிழமை போகும்போது பசங்களோட அம்மாவக் கூட்டிட்டுப் போங்க, மனுல அவங்க கைநாட்டு இருக்கட்டும். திண்டிவனத்துல பேராசிரியர் கல்யாணி அய்யாவோட பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இருக்கு, அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, உங்க ஏரிக்கரைய அவங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கலாம்.

மரக்காணம் சேகர்

அக்கா கேஸ் நம்பரும் பசங்க எந்த ஜெயில்ல இருக்காங்கன்னும் இன்பாக்ஸ்ல போடுங்க. திங்கக்கிழமை நானும் வரேன்.